சீலைத் துண்டுகள் இருபது

சாவகச்சேரித் தபால் கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் அறுபது கடந்த ஒரு தம்பதி நின்றார்கள். மனைவி வட்டம் வட்டமாக வெட்டிய சிறிய துணித் துண்டுகளைக் கடித உறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உதென்ன அக்கா, பூ தைக்கிறதுக்கோ?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, துவக்குக் குண்டுக்கு."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னும் திரும்பத்தான் செய்வார்கள். கணவர் பதறிப்போய் விளக்கம் சொன்னார்.

"கனடாவிலை எங்கடை மோன் கிளப் ஒண்டிலை குறிமட்டைக்குச் சுட்டுப் பழகிறான். குழாய் வாயாலை வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற அந்தக்காலத் துவக்கு. குழாய்க்குள்ளை குண்டு ஆடினால் குறி தவறுமாம். மருந்தைக் கூட்டியும் பார்த்தான், குறைச்சும் பார்த்தான், சரிவரேல்லை. கடைசியிலை, இவ மிளகாய்த்தூள் கட்டி அனுப்பின பழைய நூல் சீலையிலை குண்டைச் சுத்திப் போடத்தான் நேரை போச்சுதாம்."

"முந்தி வருசப்பிறப்புக்கு மட்டும்தான் எங்களுக்குப் போன் எடுப்பான்," என்றார் மனைவி. "இப்ப சீலை முடிய முடிய எடுக்கிறான்."

கணவர் துண்டுகளை எண்ணினார். "இருபதுதானே இருக்கு. ரெண்டு கிழமைக்கும் காணாது. முழுச் சீலையையும் அனுப்பியிருக்கலாமே?"

"முழுசா அனுப்பினால் பிறகு ஏனப்பா எடுக்கப்போறான்?"

கணவர் தங்கள் முறை வரும்வரை உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிலிருந்து ஐந்து துண்டுகளை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உறையை ஒட்டினார்.