பாடாதபோது குடிக்கும் மின்சாரம்

காரில் அடிநாதத்தை அதிரவைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைத்தான் முதலில் படிக்கிறார்கள். இரண்டாயிரம் வாட் என்றிருந்தால் மகிழ்ச்சியடைகிறார்கள். அது ஒரு நொடிக்கான உச்சம். தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கிள்ளானில் கார் ஆடியோ கடை நடத்தும் இந்தப் பதினாறு ஆண்டுகளில், அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டாமல் நான் யாருக்கும் எதையும் விற்றதில்லை. இன்ஸ்பெக்டர், இதை முதலில் சொல்லக் காரணம், என் மைத்துனர் ஜெயந்திரன் தம் புகாரில் என்னை ஏமாற்றுக்காரன் என்று குறிப்பிட்டிருப்பதுதான். மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.

என் மனைவி ராஜினி காரில் செய்தி மட்டுமே கேட்பாள். ஆகவே சென்ற ஆண்டு அவள் பிறந்தநாளுக்கு அவளுடைய மைவி காரில் நான் சப்வூஃபர் பொருத்தித் தந்தபோது சிரித்துவிட்டாள்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நான் என்ன டிஸ்கோவா நடத்துறேன்?”

அப்போதுதான் அவள் சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போய், இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்புவது வழக்கமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பையில் ஓரிரு துணிகள் கூடுதலாகப் போயின. அவை திரும்பி வரவில்லை. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரை நாங்கள் ஆம்ப் என்போம். அதை வாங்குகிறவர்கள் அது பாடும்போது எவ்வளவு ஆற்றல் தரும் என்று கேட்பார்கள். நான் அது பாடாதபோது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று பார்த்தேன். புதிய வகைகள் மிகச் சிக்கனமானவை, எனக்குப் பயன்படா. கடையில் பழைய ஆம்ப் ஒன்று இருந்தது, சும்மா இருக்கும்போதே சூடேறும் கனமான வகை. எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு அது தேவைக்கு மேல்தான்.

ரேடியோ அணைந்ததும் ஆம்பும் அணைய வேண்டும். அதற்கென்று மெல்லிய நீல வயர் ஒன்று உண்டு. அதை நான் ஒரு சிறு சுவிட்ச் வழியாக நேரே பேட்டரியோடு இணைத்தேன். சுவிட்ச், பின்பக்கக் கம்பளத்துக்கு அடியில். பேட்டரியையும் தேய்ந்த ஒன்றாக மாற்றினேன். சனிக்கிழமை காலை அவள் குளிக்கும்போது சுவிட்சைப் போட்டால் போதும். அங்கே காரைப் பூட்டி நான்கு மணி நேரம் விட்டால் இன்ஜின் கிளம்பாது. எங்காவது போகக் காரை எடுக்கும்போது அவள் என்னை அழைப்பாள். என் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்ப நான் ஜம்பர் கேபிளோடு போவேன். பேட்டரியைக் கடையில் சோதிக்க வேண்டும் என்பேன். அன்று மாலையே இருவரும் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவோம்.

ஒருமுறை அவள் தனேஷ் என்ற மெக்கானிக்கின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனாள். எங்கள் தொழிலில் ஒருவர் போட்ட வயரிங்கை இன்னொருவர் தொடமாட்டார். பிறகு எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன்மேல் பழி விழும். தனேஷ் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

“அக்கா, இது உங்க வீட்டுக்காரர் வயரிங். நாங்க கை வைக்க மாட்டோம் லா. பாஸ்கிட்டயே காட்டுங்க.”

அவள் என்னிடமே காட்டினாள்.

என் மாமனார் பாலசுந்தரம் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கேபிள் மாட்டும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பார்.

“முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில இருந்தேன், மாப்பிள்ளை. ஒரு ரயிலைக்கூட கேபிள் போட்டு எழுப்பினதில்ல.”

நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவள் அழைத்தாள்.

“கார் ஸ்டார்ட் ஆகலங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டா?”

“வேணாம்மா, அது எப்ப வந்து சேருமோ. நான் கிளம்பிட்டேன். அப்பாவைக் காரிலேயே உட்கார வை.”

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. கேபிளை மாட்டியதும் கார் உடனே கிளம்பியது. மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவு. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அந்தப் பதற்றத்தில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். என் தவறு அது ஒன்றுதான். மாலையில் ஜெயந்திரன் அப்பாவின் உடைகளை வைக்கக் காரின் பின்கதவைத் திறந்தார். இரண்டு மணி நேரமாகப் பூட்டியிருந்த காரில் ஆம்ப் கை வைக்க முடியாதபடி கொதித்தது. அவர் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார்.

புகாரில் எனக்குத் தெரியாதிருந்த செய்தி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மார்க்கிரட் ஆன்டி தம் காரில் அழைத்துப்போக முன்வந்தாராம். ராஜினி, “இல்ல ஆன்டி, அவர் வந்துகிட்டிருக்கார்” என்று மறுத்துவிட்டாளாம். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். அவ்வளவு நம்பிக்கை எத்தனை கணவர்களுக்குக் கிடைக்கும்?

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பத்தைந்து நிமிடமும் நான் கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருக்கவில்லை. சில மாதங்களாகவே சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தேன். அவள் வெயிலில் காத்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்ச்சாரியில் உள்ள உணவுக்கடையிலிருந்து அவர்கள் கார் நிறுத்துமிடம் நன்றாகத் தெரியும். அன்றும் தெரிந்தது. கார்க் கதவு திறந்திருந்தது. அவள் ஒரு கோப்பு அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி தே தாரிக் தேநீரை முடித்தேன். முன்பு ஒருமுறை மூன்று நிமிடத்தில் போய் நின்றபோது, “எப்படி இவ்ளோ சீக்கிரம்?” என்று கேட்டாள், பக்கத்தில் ஒரு வேலை என்றேன். அதையே இரண்டாம் முறையும் சொல்ல முடியாது. சொன்னால் அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிடும், இன்ஸ்பெக்டர். சந்தேகம் புகுந்த வீட்டில் ஒரு பெண் எப்படி நிம்மதியாக இருப்பாள்?