உமி உடையாத மில்

பார்லியை மாவாக்கக் கூடாது மேடம். உடைக்க வேண்டும். இது புரிந்துவிட்டால் விஸ்கியில் பாதி புரிந்த மாதிரிதான். நீங்கள் மாட்டுங்காவில் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும் என்று வெளியே இருந்த ஹவால்தார் சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதி. இந்தியில் மில்லைப் பற்றிப் பேசினால் எனக்கு ருசியே வருவதில்லை.

என் பெயர் ஜோன்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வீடு செம்பூரில். கோபர்கைரனே தாண்டி ஒரு ஷெட்டில் சின்னதாக விஸ்கி ஆலை இருக்கிறதே, அங்கே விஸ்கி காய்ச்சுகிறவன் நான்தான். லைசென்ஸ் சுயம்பு அண்ணாச்சி பெயரில். தாராவியில் தகரப்பெட்டிப் பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவர். போன வெள்ளிக்கிழமை மில் அறை வெடித்ததற்கு அவரைத்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதைப் பேசத்தான் வந்தேன். ஆனால் மில்லிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

எட்டு மாதம் மில் பார்த்தேன். பெண் பார்க்கக்கூட நான் இப்படி அலையவில்லை. என் மனைவி ஜோஸ்பினே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல் மில் பார்த்தேன், சூடேறுகிறது. தட்டு மில் பார்த்தேன், அதன் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கிடங்கில் அந்த ரோலர் மில்லைப் பார்த்தேன். இரண்டு உருளைகள், நடுவே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி, அவ்வளவுதான். உள்ளே பார்லி விழுகிறது. வெளியே வரும்போது பருப்பு நாலைந்து துண்டு, உமி மட்டும் சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி முழுசாக இருக்கிறது. அந்த உமிதான் ஊறல் தொட்டியின் அடியில் படுத்துக்கொண்டு சாற்றை வடிகட்டிக் கொடுக்கும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று கேட்காதீர்கள், சந்தோஷம், வேறென்ன. அன்றைக்கு ரயிலில் அந்த உமியைப் பார்த்துக்கொண்டே வந்ததில் செம்பூரில் இறங்க வேண்டியவன் குர்லா வரை போய்விட்டேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனால் அங்கே ஒரு ஹாமர் மில் நிற்கிறது. தேவ்நாரில் மாட்டுத்தீவனம் அரைத்துக்கொண்டிருந்ததாம். அதற்குள் பச்சை பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது.

“அண்ணாச்சி, இது உமியையும் சேத்துல்லா மாவாக்கிரும்” என்றேன்.

“எல ஜோன்சு, அரைக்கதுதானல மெசினு. ஃபாலத்துவா மண்டையப் போட்டு ஒடைக்காம வேலையப் பாரு” என்றார்.

ஹாமர் மில்லை வைத்தும் விஸ்கி செய்கிறவர்கள் உண்டு. வடிகட்டாமல், தானியத்தோடு அப்படியே புளிக்க வைப்பார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் தொட்டியில் ஊறல் களியாகி உட்கார்ந்துகொண்டது. மில் ஓட்டுகிற ராஜபாண்டிதான் ஒவ்வொரு முறையும் உள்ளே இறங்கிச் சுரண்டி எடுப்பான். நாற்பத்தைந்து வயது, இரண்டு பெண்பிள்ளைகள், முகமெல்லாம் மாவு. “அண்ணே, நீங்க சொன்ன மில்லுதாம்ண்ணே சரி. அண்ணாச்சிக்கு இது ஏறாது” என்பான். ஷெட்டில் என் கட்சி பேசிய ஒரே ஆள் அவன்தான். அவன்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் மாட்டுங்காவிலிருந்து அனந்தகிருஷ்ணன் சார் வந்தார். பெரிய ஓட்டல்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுப்பவர். ஒரு வாய் வைத்துவிட்டு, “என்ன சுயம்பு, நாக்குல கசந்துண்டே நிக்கறதே” என்றார். மாவாகிப்போன உமியின் கசப்புதான் அது.

“மில்லுல கொறையில்ல சார். நம்ம ஜோன்சுக்குத்தான் கைப்பதம் போதாது” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தேன். வாங்கிய பொருளைத் தப்பென்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் இருக்கிறவரை அந்த மில்லும் இருக்கும். நிதானமாக யோசித்துப் பாருங்கள், வேறு வழி இருந்ததா. அந்த மில் வந்ததிலிருந்து அன்று இரவுதான் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சி மில்லுக்குச் சூடம் காட்டுவார். பட்டறைக் காலத்திலிருந்து பழக்கம். நின்றுகொண்டிருக்கிற மெஷினுக்குக் காட்ட மாட்டார், ஓடவிட்டுத்தான் காட்டுவார். “தூங்குறவன் வாயில சோத்த ஊட்டுனா எறங்குமால?” என்று கேட்பார். சூடம் அணைந்துவிடக் கூடாது என்று ஜன்னல்களையும் சாத்திவிடுவார். எனக்கு அவர் வேலையே வைக்கவில்லை, பாருங்கள். காற்றில் மாவு நிறைந்த அறையில் தீ பட்டால் என்ன ஆகும் என்பது தீவன மில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், தகரப்பெட்டிக்காரருக்குத் தெரியாது. தூசியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு ஃபேன் உண்டு. போன வெள்ளிக்கிழமை காலையில் அதன் பெல்ட்டைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, மேஜைமேல் வைக்கிறேன். கொஞ்சம் மீன்குழம்பு வாசனை அடிக்கும், தப்பாக நினைக்காதீர்கள்.

பூஜை நேரத்தில் நான் வெளியே குழாயடியில் போய் நிற்பேன். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அது அவர்கள் பூஜை. அண்ணாச்சியிடம் சேர்ந்த ஆறு வருஷமாக அப்படித்தான். அதனால் அன்று நான் வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. உள்ளே மில் ஓட ஆரம்பித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது மேடம், எனக்குக் காலெல்லாம் குறுகுறுத்தது, சின்னப் பையன் மாதிரி ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது அண்ணாச்சி ஷெட்டிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

“என்ன அண்ணாச்சி, பூசை இல்லியா?”

“காலைல ஊர்லேருந்து போன் வந்துட்டுடே. பங்காளி ஒருத்தன் செத்துட்டான். பத்து நாளு தீட்டுல்லா. ராஜபாண்டியக் காட்டச் சொல்லிட்டேன்.”

உள்ளே மணிச் சத்தம் கேட்டது. எங்கள் ஷெட்டில் மணி அடித்து முடித்த பிறகுதான் சூடத்துக்குத் தீக்குச்சி கிழிப்பார்கள். கூப்பிட நேரம் இருந்தது, தாராளமாகவே இருந்தது. ஆனால் கூப்பிட்டால் ஏன் என்று அண்ணாச்சி கேட்பார், பேச்சு பெல்ட் வரைக்கும் போகும். அதோடு இன்னொன்றும் தோன்றியது, எனக்கே ஆச்சரியம். அண்ணாச்சி வெளியே நின்றால் என்ன, மில் உள்ளேதானே இருக்கிறது? இது தோன்றியதும் மனசு அப்படியே லேசாகிவிட்டது. செத்துப்போன பங்காளிக்கு என்ன வயசு என்று அண்ணாச்சியிடம் விசாரித்தேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது அறை வெடித்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ராஜபாண்டிக்கு உயிர் போய்விட்டது. வராந்தாவில் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “தீட்ட வச்சுக்கிட்டுப் பூசையை நடத்தச் சொன்னேனே, நாந்தாம்ல அவனைக் கொன்னேன்” என்றார். அதைத்தான் உங்கள் ஆட்கள் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்து, “எல ஜோன்சு, அந்தச் சனியன் புடிச்ச மில்லே வேண்டாம். நீ சொன்னதையே வாங்கு” என்றார். எனக்குக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் நஸீரா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நல்ல பெண்.

அண்ணாச்சி நிரபராதி. செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் உள்ளே இருப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை, அதனால்தான் நானாகவே வந்தேன். பெல்ட்டைக் கழற்றியது நான். மணிச் சத்தம் கேட்டும் கூப்பிடாமல் நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உபகாரம் வேண்டும். புதன்கிழமை ரோலர் மில் வருகிறது. இறக்குவதற்கு லைசென்ஸ்காரர் கையெழுத்து வேண்டும், அதனால் செவ்வாய்க்குள் அண்ணாச்சியை விட்டுவிடுங்கள். உருளை இடைவெளியை நான்தான் வைக்க வேண்டும், வேறு யார் வைத்தாலும் உமி உடைந்துபோகும். அரை நாள் போதும், கூடவே இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கட்டும். இந்தப் பக்கம் நான் திருகும்போது அந்தப் பக்கத்தை அசையாமல் பிடிக்க மட்டும் ஓர் ஆள் தேவைப்படும். அதற்கு ராஜபாண்டியையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இன்று காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.