முதலாளியின் ரெண்டு இன்ஜின்

"ஓடற இன்ஜினை நிறுத்தறது அபசகுனமாமுங்க!"

தாராபுரத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், பனியன் கம்பெனி மேனேஜர் ஒருவர் பக்கத்துச் சீட்டு விவசாயியிடம் பொருமினார். நான் பின்சீட்டில் இருந்தேன்.

"ஆரு சொன்னதுங்க?"

"எங்க முதலாளிதானுங்க. சொந்தமா ஏரோப்பிளேன் ஓட்டறார். ரெண்டு இன்ஜின். ஒண்ணு நின்னா இன்னொண்ணு காப்பாத்துமாம்."

"ரெட்டை மாட்டு வண்டில ஒரு மாடு படுத்துட்டா, இன்னொண்ணு வண்டியக் கொடை சாச்சுப் போடுமல்லங்க?"

"அதேதானுங்க! மேல ஏறும்போது ஒரு பக்கம் நின்னா, ஓடற பக்கம் ஏரோப்பிளேனையே பெரட்டிப் போடுமாம். வேணும்னே ஒண்ணை நிறுத்தி ஓட்டிப் பழகுங்கனு, ஓட்டக் கத்துக்குடுத்த வாத்தியார் தலப்பாடா அடிச்சுக்கிட்டார். இவரு ரெண்டுக்கும் எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் ஒடச்சுட்டு வந்துட்டார். நாளைக்கு மெட்ராசுக்கு நானும் கூட ஏறோணுமாம். அதுக்கோசரம் இன்னைக்கே ரயிலுக்குக் கெளம்பிட்டேன்."

அவிநாசிபாளையம் தாண்டியதும் பஸ் இருமி நின்றது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்.

"இதுக்கு ஒரே இன்ஜின்தான் போலிருக்குதுங்க" என்றார் விவசாயி.

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இருக்கட்டுமுங்க. நின்னா தள்ளறதுக்குக் காலுக்குக் கீழ ரோடு இருக்குதல்லங்க!"