மிதந்துபோகப் பார்த்த சாலை

அவையை அழகுற நடத்தும் தலைவர் குருமூர்த்தி அவர்களே! பவானிபூர்த் தமிழ்ச் சங்கத்துப் பெரியோர்களே! புழுக்கத்திலும் புன்னகை குன்றாத தாய்மார்களே! வங்கத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளே! சாந்த்ராகாச்சி ராஜாராமனின் வணக்கம்!

ஒரு சாலை மிதந்ததை இந்தக் கண்களால் கண்டேன். சிரிக்கிறீர்களா? என் வீட்டு வாசலில் நடக்காமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்!

எங்கள் தெருவின் அடியில் இருப்பது மண்ணா? இல்லை, சேறு! சாலையை உயர்த்த மண் கொட்டினார்கள், அமிழ்ந்தது. மேலும் கொட்டினார்கள், மேலும் அமிழ்ந்தது. தனியாகவா அமிழ்ந்தது? அருகிலிருந்த வீடுகளையும் இழுத்துக்கொண்டு அமிழ்ந்தது! பக்கத்து வீட்டு வங்காளப் பெரியம்மா, எங்கள் மாஷிமாவின் சுவர், கை நுழையும் அளவுக்குப் பிளந்தது.

அப்போது வந்தார் பிரியம்வதா. இதோ, மேடையில் கூச்சத்தோடு குனிந்திருக்கும் நம் பொறியாளர். கொட்டிய மண்ணை அள்ளச் சொன்னார். அந்தக் குழியில் கட்டில் அளவு வெள்ளை நுரைக்கட்டிகளை அடுக்கச் சொன்னார். அதிர்ந்தோம்!

"தெர்மாகோலில் ரோடா? பாகோல் நாக்கி!" என்று அலறினார் மாஷிமா. பைத்தியமா என்று கேட்கிறார்!

"அங்கிள், இங்க மண்ணோட வெயிட்தான் பிரச்சனை. இது லாரியையே தாங்கும், ஆனா அடியில இருக்கற சேத்த அமுக்காது. நீங்களே மாஷிமாகிட்ட சொல்லுங்களேன்" என்றார் பிரியம்வதா.

சொன்னேன். மாஷிமா நம்பினாரா? நான்தான் நம்பினேனா?

மேலே கான்கிரீட் போடுவதற்குள் வந்தது மழை. நம் ஊர் மழை! குழி நிறைந்தது. கட்டிகள் அசைந்தன, எழுந்தன, முட்டிமோதிக்கொண்டு மாஷிமாவின் விரிசல் சுவரை நோக்கி நகர்ந்தன! கூட்டம் கொதித்தது.

பிரியம்வதா என்ன செய்தார்? மழையைப் பழித்தாரா? காண்ட்ராக்டரைக் கைகாட்டினாரா? இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, தட்டுத்தடுமாறிய வங்காளத்தில், ஊரே கேட்கச் சொன்னார்: "தண்ணீரை இறைக்க பம்ப் வைத்துவிட்டுத்தான் அடுக்கியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. மேலே பாரம் ஏற்றினால் நின்றுவிடும். கை கொடுங்கள்!"

அன்பர்களே! நுரை மிதந்தது கூட என்னை அப்படி அதிரவைக்கவில்லை! தப்பு என்னுடையது என்று ஒரு பொறியாளர், நடுத்தெருவில், நம் காலத்தில், சொல்லிவிட்டாரே! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

மாஷிமா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மணல் மூட்டையின் முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். தெருவே இறங்கியது. மூட்டைகள் ஏற ஏறக் கட்டிகள் அடங்கின. சுவர் பிழைத்தது.

இன்று அந்தச் சாலையில் பேருந்து ஓடுகிறது; விரிசல் வளரவில்லை. பொறுப்பேற்க அஞ்சாதவர் போட்ட சாலையில் நடக்க நாங்களும் அஞ்சவில்லை!

எழுந்து நில்லம்மா, பிரியம்வதா! பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. இந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்!