மாப்பிள்ளைக்கு ஒரு பந்தய சைக்கிள்

முதல் தடவை நல்ல சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். எடை, சக்கரம், கியர் என்று புத்தி வருவதெல்லாம் அப்புறம்தான்.

என் மாப்பிள்ளைக்குக் கறுப்பு பிடித்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் ஒரு கறுப்பு சைக்கிளின் முன்னால் போய் நின்றார். இளைஞர்கள் ரோடு பைக் என்கிறார்களே, கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும் பந்தய சைக்கிள், அது. ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல சைக்கிள் இருக்கா, இல்ல படம்தானா?" என்றார். விற்பனையாளரே சிரித்துவிட்டார்.

நான் அன்று அவருக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன் மேடம். கார்பன் இழையில் செய்த இந்தச் சைக்கிள் இப்போது வேண்டாம், அலுமினியம் போதும் என்றேன். கைப்பிடி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். முதல் வருஷம் எல்லோரும் விழுவார்கள். விழுந்தால் உட்கார்ந்து அழ வைக்கிற சைக்கிளை வாங்கக் கூடாது. அன்று நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைக்கிள் குழுவோடு போவேன். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டது முதல் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது வரை எல்லாம் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை அனுப்பவில்லை. மாடியில் ஒரு சமையலறை கட்டி, இருவரையும் என்னோடு வைத்துக்கொண்டேன். யாராவது கேலி செய்தால் மாப்பிள்ளை கோபப்பட மாட்டார். "வீட்டோட மாப்பிள்ளை இல்லைங்க, மாடியோட மாப்பிள்ளை" என்பார்.

நல்ல பையன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கடையில் உடனே வாங்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறோம் என்று வந்துவிட்டோம். அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள். அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தனிப் பிரிவுக்கே தலைவி. மாப்பிள்ளை தன் வேலையை விட்டுவிட்டு அவளோடு போகப்போகிறார். திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தண்ணீர் குடித்தேன். சந்தோஷம் என்று சொன்னேன்.

மாப்பிள்ளைதான் பேசினார். "நீங்களும் வந்துடுங்க மாமா. உங்களுக்கும் சேத்துத்தான் வீடு பாக்கச் சொல்லியிருக்கேன். கீழ் வீடே பாக்கலாம், உங்களுக்குப் படி ஏற வேணாம்."

மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை எது, மனதில் இருந்து வருவது எது என்று என் வயதில் தெரியும். அது மரியாதைக்குச் சொன்னது. வேலை கிடைத்தது மகளுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "போட்டுப் பாரு, கிடைக்கலைன்னா என்ன, கிடைச்சா போவோம்" என்று விண்ணப்பிக்கச் சொன்னது யார்? அவர் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. என் மகளை எனக்குத் தெரியும்.

சைக்கிள் ஆசையும் அதனால்தான் வந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னார். போவதற்குள் என்னோடு சேர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமையாவது ஓட்ட வேண்டுமாம். நான் எதற்காக விடியுமுன் எழுந்து ஓடுகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நீங்கள் இப்போது உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே, அவர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு சைக்கிள் மாற்றுவார். அவருடைய பழைய கார்பன் சைக்கிள் ஒன்று விலைக்கு இருந்தது. கடையில் கண்ணாடிக்குள் வைத்திருப்பதைவிட உசத்தி. நிறமும் கறுப்பு. மாப்பிள்ளைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. மழையில் ஒரு தடவை வழுக்கி நடைபாதைச் சுவரில் மோதியதாகவும், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றும் அவரே சொன்னார்.

தட்டிப் பார்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். இரும்பு அடிபட்டால் வளையும். அலுமினியம் நசுங்கும். கார்பன் மட்டும் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே விரியும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அதனால் பழைய சைக்கிள் கைமாறும்போது ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்போம். நல்ல இடம் 'டிக்' என்று கூர்மையாகப் பேசும். விரிசல் விட்ட இடம் 'டொக்' என்று மரக்கட்டை மாதிரி முனகும். அந்த வேலையை எப்போதும் என்னிடம்தான் கொடுப்பார்கள். எக்ஸ்ரேக்காரனுக்குக் காதிலும் கண் இருக்கிறது என்பார்கள்.

அந்த ஞாயிறு காலை, டீக்கடை வாசலில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மகளும் வந்திருந்தாள். நான் தட்டினேன். ஃபிரேம் என்கிற சட்டம் முழுக்க சுத்தம். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கவைக்கு வந்தேன். அந்தக் கவையின் இடது கால், மேலே சட்டத்தோடு சேர்கிற இடம்.

டொக்.

மறுபடி தட்டவில்லை. மறுபடி தட்டினால் மற்றவர்களுக்கும் கேட்டுவிடும்.

டாக்டர், "சந்தேகமா இருந்தா ஆஸ்பத்திரில ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா சார்?" என்றார்.

"எதுக்கு? நல்லாயிருக்கு" என்றேன்.

"அப்பா சொல்லிட்டா சரி" என்றாள் மகள்.

நான் செய்த குற்றம் அந்த ஒரு வார்த்தைதான். வேறு எதையும் நான் தொடவில்லை. ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தவில்லை.

என் கணக்கு இதுதான். சைக்கிளில் இருந்து விழுகிறவன் கையை ஊன்றுவான். கையை ஊன்றினால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு போகும். என் வேலைக்காலத்தில் இப்படி எத்தனை படம் எடுத்திருப்பேன், கணக்கே இல்லை. யாரும் சாகவில்லை. கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பயணம் தள்ளிப்போகும். அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். மகள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மாப்பிள்ளைக்கு நானே சாதம் பிசைந்து ஊட்டியிருப்பேன். அப்படித்தான் நினைத்திருந்தேன், உண்மையாகவே.

அவருக்கு நானே பழக்கிவிட்டேன். இருக்கையின் உயரத்தை அவர் காலுக்கு அளந்து வைத்தேன். பிரேக்கை எப்படிப் பிடிப்பது, வளைவில் உடம்பை எப்படிச் சாய்ப்பது, எல்லாம். இறுக்கமான சைக்கிள் உடையைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்த முதல் நாள், "இதோட தெருவுல போனா நாமளே ஊரைக் காலி பண்ண வேணாம் மாமா, ஊரே காலியாயிடும்" என்றார். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக்கூட ஒரு நிமிஷம், கவையை மாற்றிவிடலாமா என்று தோன்றியது. பிறகு அவர்கள் பெட்டிகள் வாங்கி வந்தார்கள். பெரிய பெட்டிகள்.

ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டினோம். தொழிற்பேட்டைப் பக்கம் ஓட்டினோம். பள்ளத்தில் இறங்கினார், வேகத்தடையில் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. நல்ல சைக்கிள் அது, விரிசலோடும் தாங்கியது. மாடியில் பெட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அதனால் மலைச் சாலைக்கு நான்தான் கூப்பிட்டேன்.

அவருக்கு ஏக சந்தோஷம். நான் அவரைத் தேர்ந்த ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். உச்சியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார், காட்டினேன்.

"மாமா, அங்க போனப்புறமும் நாம ரெண்டு பேரும் இப்படிப் போகணும். அங்கயும் மலை இருக்காம். நான் விசாரிச்சுட்டேன்."

"முதல்ல நீங்க இறங்குங்க. நான் பின்னாடி வரேன்" என்றேன்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும் மேடம். இறக்கத்தில், அந்த வேகத்தில், முன்கவை முறிந்தால் கையை ஊன்ற நேரம் இருக்காது. அது எனக்குத் தெரியுமா? தெரியும். காறை எலும்புக் கணக்கெல்லாம் சமதளத்துக்கு. மலைக்கு வேறு கணக்கு. அந்தப் படங்களையும் நான்தான் எடுத்திருக்கிறேன்.

மூன்றாவது வளைவில் போனது. பெரிய சத்தமில்லை. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். நான் இறங்கிப் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்தைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, படம் தேவையில்லை. அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியானது மாதிரி இருந்தது. "மாமா" என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு அவர் மகன் மாதிரி.

மகள் என் மேல் சாய்ந்துதான் அழுதாள். மனைவி போன அன்று எப்படிச் சாய்ந்தாளோ, அப்படியே. மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே என்னோடு வந்துவிட்டாள். பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தால் குடித்தாள். ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள், அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

உடைந்த சைக்கிளை விற்றவர் என்று நீங்கள் பல் டாக்டரைப் பிடித்தீர்கள். அவர் நிரபராதி. அவரை விட்டுவிடுங்கள். நான் இன்று வந்தது அதற்காகத்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் உண்மை சொல்வதாக ஒப்புக்கொண்டுதானே உட்கார்ந்தேன். நேற்றுக் காலை மகள் மாடியைத் திறந்தாள். பெட்டியைக் கீழே இறக்கினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறார்களாம்.

"நான் போறேன்பா. இந்த வீட்ல எங்க பார்த்தாலும் அவர் இருக்காரு. என்னால முடியல."

நானும் வரட்டுமா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் தனியா இருக்கேனே" என்றாள்.

அதனால்தான் வந்தேன் மேடம். கொலை வழக்கு என்றால் முக்கியமான சாட்சியை நாட்டைவிட்டுப் போக விடமாட்டீர்கள் இல்லையா? டீக்கடை வாசலில் நான் 'நல்லாயிருக்கு' என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவள் அவள். முதல் சாட்சியாக அவளையே போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், பயணச்சீட்டு எடுத்துவிடப் போகிறாள்.

இந்த மாதிரி வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். இழுக்கட்டும். கோபத்தில் கொஞ்ச காலம் என்னைப் பார்க்க வராமல் இருப்பாள். பரவாயில்லை. ஊரில்தானே இருப்பாள்.