நாற்பது விநாடி மௌனம்

ஒரு மூட்டைத் துவரம் பருப்பு நல்லதா என்று சொல்ல எனக்கு ஒரு கைப்பிடி போதும், ஐயா. குத்தூசியை மூட்டைக்குள் இறக்கி, வருகிற பருப்பை உள்ளங்கையில் பரப்பி, ஒரு ஊது ஊதிப் பார்ப்பேன். தண்டையார்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. சினிமாவுக்கு அப்படி ஒரு குத்தூசி கிடையாது. மூட்டை முழுவதையும் வாங்கி, சமைத்து, வாயில் போட்ட பிறகுதான் கல் பல்லில் படும்.

என் பெயர் ராமசுப்பு. சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். இங்கே எல்லோருக்கும் அண்ணாச்சி. நீங்கள் கேட்டது பீம்ராவைப் பற்றி. ஆனால் செலவிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ஜோபின் என்ற பையன், ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கிற குடும்பம், இரண்டு வருடத்துக்கு முன் கதை சொல்ல வந்தான். பருப்புக் குடோனில் ஒரு பேய். "பெரிய ஹீரோவ வச்சா சம்பளம் குடுக்கணும் அண்ணாச்சி. பேய்க்குச் சம்பளம் கெடையாதுல்லா" என்றான். வியாபாரிக்கு அது நியாயமாகப் பட்டது. எழுபது லட்சம் என்றான். என் குடோனிலேயே எடுத்தால் இடவாடகையும் மிச்சம்.

முடிவில் ஒரு கோடியே எண்பத்து நான்கு லட்சம் ஆனது. கிராபிக்ஸ் மட்டும் முப்பத்தொரு லட்சம். பேயின் கூந்தல் சரியாகப் பறக்கவில்லை என்று மறுபடி செய்ததற்கே அதில் ஒன்பது. எண்ணூர்க் கழிமுகத்தில் நான்கு நாள் ஒரு பாட்டு எடுத்தார்கள், பதினான்கு லட்சம். பிறகு அந்தப் பாட்டே படத்தில் வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள். மழையில் பதினொரு நாள் வேலை நின்றது, ஆனால் ஜெனரேட்டர் வாடகை நிற்கவில்லை. குடோன் பத்தொன்பது நாள் சரக்கில்லாமல் காலியாகக் கிடந்ததை நான் செலவில் எழுதவில்லை. என் மனைவி எழுதி வைத்திருந்தாள்.

முதலில் குடோன் பத்திரம் அடமானத்துக்குப் போனது. அடுத்து திருவொற்றியூர் வீடு. பணம் கொடுத்தவர் கண்ணியமானவர், ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. படம் வெளியாகி முப்பதாம் நாள் முழுத் தொகையும் வர வேண்டும், வராவிட்டால் இரண்டும் அவருடையது என்று தாளில் இருந்தது. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் படத்தில் என்னுடையது என்று சொல்ல ஒரு காட்சி உண்டு. சென்னைக்கு வந்த புதிதில், நான் வேலை செய்த குடோனில் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை. சத்தம் இல்லாத இடத்தில் மனிதன் தன்னையே கேட்க ஆரம்பித்துவிடுவான். மூட்டைகள் அடங்குகிற ஒலி, யாரோ பக்கத்தில் உட்கார்வதுபோல இருக்கும். இதை ஜோபினிடம் சொன்னேன். நாற்பது விநாடி எந்த ஒலியும் இல்லாமல், இருட்டில் மூட்டைகளை மட்டும் காட்டி, அதன்பின் என் குடோன் கதவு தானாகத் திறப்பதாக எடுத்தான். இடைவேளைக்குச் சற்று முன் வரும். எடிட்டர் நான்கு முறை வெட்டப் பார்த்தார். நான் விடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. என் மனைவிக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு தியேட்டர்களில் வெளியிட்டோம். முதல் நாள் மொத்த வசூல் நான்கு லட்சத்துப் பத்தாயிரம். சனி, மூன்று இருபது. ஞாயிறு, மூன்று தொண்ணூறு. திங்கள், அறுபத்தோராயிரம். வரியும் தியேட்டர் பங்கும் போக என் கைக்கு ஐந்து லட்சம்கூடத் தேறாது. டிஜிட்டலில் படம் காட்ட ஒவ்வொரு தியேட்டருக்கும் வாரக் கட்டணம் வேறு, அது ஐந்தரை லட்சம். படம் ஓட ஓட நஷ்டம் ஏறியது. செவ்வாய்க்கிழமை காலைக் காட்சியில் நான் போய் உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. என் நாற்பது விநாடியில் ஒருவர் போனில் மகளுக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தியேட்டர்காரர்கள் முடிவு செய்வார்கள். கூட்டம் இல்லாத படத்தைத் தூக்கிவிட்டு வெள்ளியன்று வேறு படம் போடுவார்கள். அதனால் புதன்கிழமை ஒரு காட்சியையாவது தயாரிப்பாளரே டிக்கெட் வாங்கி நிரப்பி, ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டி, போட்டோ எடுத்து அனுப்புவது வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ரெஜினாவைப் பிடித்தேன்.

"எரநூத்தம்பது பேரா? என் தங்கச்சி கல்யாணத்துக்கே அவ்ளோ பேரு வர்ல அண்ணாச்சி" என்றாள். "தலைக்கு முந்நூறு, ஒரு பிரியாணி. கத்துறதுக்குத் தனி ரேட்டு."

"கத்த எவ்வளவு?"

"அம்பது. மயக்கம் போட்டு வுழணும்னா நூறு. ஆனா வுழுறதுக்கு எடம் வுட்டு உக்கார வைக்கணும்."

கூட இருந்த ஜோபின் சிரித்தான். "மயக்கம்லாம் பத்தாது அண்ணாச்சி. படம் பாத்துப் பயந்து ஒருத்தன் செத்தாம்னு நியூஸ் வந்தா நூறு தியேட்டர் கூடும்" என்றான். அவனை நீங்கள் விட்டுவிடலாம். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

எங்கள் தொழிலில் கழிவு என்று ஒன்று உண்டு. நூறு மூட்டை வாங்கினால் தூசியும் கல்லும் சாக்கு எடையுமாக ஒரு மூட்டை போகும். அது வாங்கும்போதே தெரியும். விலையில் சேர்த்துவிடுவோம். அதற்காக யாரும் அழுவதில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் முழுவதும் நான் கல்லாவில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பீம்ராவ் உட்கார்ந்திருந்தார்.

பீம்ராவ் புளியந்தோப்புக்காரர். அறுபத்து நான்கு வயது. என்னிடம் பதினொரு வருடம் மூட்டை தூக்கினார். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் நாற்பதாயிரம் நான் கட்டினேன். யாரும் கேட்டு அல்ல, நானாக. பிறகு மூட்டை தூக்க வேண்டாம், வாசலில் உட்காருங்கள் போதும் என்று ஒன்பதாயிரம் சம்பளத்தில் வைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பி இருக்கும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வைத்துக்கொள்வார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் அவர் மனைவி ராஜாத்தியிடமும் என்னிடமும் சேர்த்துத்தான் சொன்னார்.

நான் அவருக்கு எந்த விஷமும் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் கடைச் சரக்கில் குழந்தைகள் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை வில்லை உண்டு. மாத்திரை அளவுக்குப் பொருந்துகிறதாகப் பொறுக்க இரண்டு மணி நேரம் ஆனது. புதன்கிழமை காலை அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குப்பியில் வில்லைகளைப் போட்டேன். தூக்கி எறியவில்லை, ஐயா. என் பையிலேயே வைத்திருந்தேன். எந்த நேரத்திலும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த வழியைக் கடைசி வரை நான் திறந்துதான் வைத்திருந்தேன்.

"மத்தியானக் காட்சிக்கு வாரீகளா? ஒங்களுக்கு ஓசி" என்றேன்.

"பேய்ப் படமா அண்ணாச்சி? நம்ம வூட்லயே ஒண்ணு கீது, டெய்லி பாத்துகினு தான் கீறேன்" என்றார். பிறகு, "ராஜாத்தி கைல சொல்லிராதீங்க" என்றார்.

ராயபுரத்துப் பக்கம் அந்தத் தியேட்டர். பால்கனிக்கு லிப்ட் வேலை செய்யாது. அறுபத்தெட்டுப் படி. நான் அவருக்குப் பால்கனியில்தான் இடம் போட்டிருந்தேன். பிரியாணி டோக்கன் கீழே மறந்துபோனதாகச் சொல்லி ஒரு தடவை இறங்கி ஏற வைத்தேன். முதலாளி சொன்னால் ஏன் என்று கேட்கிறவர் இல்லை. அதற்குப் பிறகும் அவர் நன்றாகத்தான் இருந்தார். அதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் நீங்கள் எழுத வேண்டும்.

இடைவேளையில் வெளியே வந்தார். நெஞ்சைப் பிடித்திருந்தார். சுவரோரம் உட்கார்ந்து குப்பியைத் திறந்து ஒன்று வைத்தார். இரண்டாவது வைத்தார். வியர்த்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி இது, இனிக்குது."

என் கை பைக்குப் போனது. காகித மடிப்பு விரலில் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. சுற்றிலும் பாப்கார்ன் வாங்குகிறவர்கள், ரெஜினாவின் ஆட்கள், செல்ஃபி எடுக்கிற பெண்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"புது மாத்திரை அப்படித்தான் இருக்கும். உள்ள போயி உக்காருங்க, காத்தாட இருக்கும்" என்றேன்.

சுவரைப் பிடித்து எழுந்து போனார். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை நான் இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தேன். படம் முடிந்து விளக்கு போட்டபோது எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

மறுநாள் செய்தி வந்தது. பேய்ப் படம் பார்த்த முதியவர் அதிர்ச்சியில் மரணம் என்று. சானல்காரர்களுக்குப் போன் செய்தது நான்தான். வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு தியேட்டர் நூற்று நாற்பது ஆனது. இதய நோயாளிகள் பார்க்க வேண்டாம் என்று போஸ்டரில் ஒரு வரி சேர்த்தோம். மூன்றாவது வாரம் வரை மொத்த வசூல் ஆறு கோடியே இருபது லட்சம். என் பங்கு இரண்டு கோடி எழுபது. இரண்டு பத்திரங்களையும் இருபத்து மூன்றாம் நாளே மீட்டுவிட்டேன். ராஜாத்திக்கு இரண்டு லட்சம் கொடுத்தேன். கேட்காமலே கொடுத்தேன்.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. ராஜாத்தி அந்தக் குப்பியை அலமாரியில் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எறும்பு வந்திருக்கிறது. போட்டோவுக்கு முன்னால் வைத்த இனிப்புக்கு வந்தது என்று நினைத்து இனிப்பை எடுத்துவிட்டாராம். எறும்பு போகவில்லை. குப்பிக்குள் ஏறியிருக்கிறது. அவர் அதைத் தெருமுனை மருந்துக்கடை மொஹ்சினிடம் கொண்டுபோய், "மருந்துக்கு எங்கனா எறும்பு வருமா பாய்?" என்று கேட்டிருக்கிறார். மொஹ்சின் ஒன்றை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உங்களிடம் அனுப்பினார். இருபத்தெட்டு வருடம் சர்க்கரை மூட்டையோடு புழங்கியவன் நான். மூட்டைக்கு அடியில் எறும்புப்பொடி தூவாமல் ஒரு நாள் கடை அடைத்ததில்லை. எறும்பை மறந்துவிட்டேன்.

அவ்வளவுதான். இதற்கெல்லாம் காரணம் பணம். வீடு போய்விடும், குடோன் போய்விடும் என்ற பயம். கொலை என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன்.

ஆனால் இடைவேளையில் அவர் ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ரெஜினாவும் ஏதோ சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நாற்பது விநாடி காட்சி வந்தது. தியேட்டரில் இருநூற்றைம்பது பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். காசுக்கு வந்தவர்கள்தான், இருந்தாலும் நிஜமாகவே பயந்தார்கள். எனக்குத் தெரியும். அப்போதுதான் என் கை பையிலிருந்த காகிதத்தை வெளியே எடுத்திருந்தது. படம் பிழைத்துக்கொள்ளும், இது வேண்டாம் என்று தோன்றியது. எனக்கு நேர் முன் வரிசையில்தான் இருந்தார்; குனிந்து அவர் தோளைத் தொட்டு, மாத்திரை மாறிவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட இருந்தேன். அப்போது திரையில் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"யோவ், நம்ம குடோன் கதவு!" என்றார் பீம்ராவ் உரக்க. "அதுக்கு எண்ணெ போடச் சொல்லி மூணு வருசமா கத்திகினு கீறேன். போடாம படமா எடுத்துட்டாரு அண்ணாச்சி!"

மொத்தத் தியேட்டரும் சிரித்தது. பால்கனி, கீழே, எல்லா இடமும். அவர்தான் அதிகம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விளக்கு எரிந்த பிறகும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். காகிதத்தை நான் மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தப் பகுதியை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. பணத்துக்காகச் செய்தேன் என்று போடுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். படம் இன்னும் முப்பது தியேட்டரில் ஓடுகிறது. அந்தக் காட்சிக்கு யாரும் சிரிப்பதில்லை.