ஆடாத கட்டில்

கடல் சீறினாலும் கலங்காமல், நான் பேச எழுந்ததும் கலங்கிப்போய் அமர்ந்திருக்கும் எங்கள் கப்பல் தலைவரும் இக்கூட்டத்தின் தலைவருமான அம்மா அவர்களே, மாலுமிப் பெருமக்களே, நாளை பிள்ளைகளைப் பாய்மரக் கப்பலில் ஏற்றப்போவதை எண்ணி இன்றே கண்ணைக் கசக்கும் தாய்மார்களே, கலங்காதவர்போல் கைகட்டி நிற்கும் தந்தையரே, சாப்பாடு எப்போது என்று காத்திருக்கும் என் இனத்தவரே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கப்பல் சமையற்காரனின் வணக்கம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும், அம்மா.

பயிற்சிக் கப்பல் என்பது என்ன? பள்ளியா? பள்ளிதான், மணி அடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. வீடா? வீடுதான், கோபித்துக்கொண்டு வெளியேற முடியாது. ஆகவே துறைமுகத்தில் ஒரு நாள் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். துவைக்க நல்ல தண்ணீர், குளிக்க நல்ல தண்ணீர், வீட்டோடு பேசத் தொலைபேசி. விதி ஒன்றே ஒன்று: மாலையில் சங்கு ஊதி, ஏணியை எடுப்பதற்குள் கப்பலில் இருக்க வேண்டும். இல்லாதவரை விட்டுவிட்டுக் கப்பல் போகும். படிப்பும் அன்றோடு சரி.

முன்பு ஒரு மாணவி இருந்தாள். ஆடும் கட்டிலில் தூக்கம் வராமல் எந்நேரமும் வாயைப் பிளப்பாள். பட்டப்பெயர் கொட்டாவி. அவள் போட்ட முடிச்சு, போட்ட கையோடு அவிழும். "உன் முடிச்சை நம்பி ஒரு கொசுவைக் கட்ட முடியுமா?" என்பார் அந்நாளைய கப்பல் தலைவர்.

ஒரு துறைமுக நாளில், பையும் கையுமாக என்னோடு இறங்கினாள்.

"மாமா, நான் திரும்பி வர மாட்டேன். ஆடாத கட்டில்ல ஒரு தூக்கம் போட்டுட்டு, சாயங்காலம் பஸ் ஏறிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லல. வெறும் வயித்தோட தூங்காத. முதல்ல டீ குடி."

கடலில் பழகிய கால்களுக்குத் தரையே ஆடும். இருவரும் தள்ளாடித் தள்ளாடி நடந்தோம். டீக்கடைக்காரர் பார்த்தார்.

"காலங்காத்தாலயேவா? பொண்ணையும் கூட்டிக்கிட்டு?"

"கப்பல்ல இருந்து வர்றோம்ப்பா."

"எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லிடறீங்க."

அவளை லாட்ஜில் விட்டுச் சந்தைக்குப் போனேன். மாலையில் பூசணிக்காயோடு திரும்பினால், லாட்ஜ்காரம்மா வாசலில் தலையில் கைவைத்து நிற்கிறார்.

"ஏங்க, இது எந்த ஊர் நியாயம்? கட்டில் ஆடலையாம், தலை சுத்துதாம். 'கொஞ்சம் ஆட்டி விடுங்கக்கா'ங்குது உங்க பொண்ணு."

உள்ளே போனேன். தண்ணீர்க் குவளைக்கு அடியில் ஈரத்துணி. கப்பல் சாய்ந்தால் குவளை வழுக்காமலிருக்க நாங்கள் செய்வது. பையோ கட்டில் காலோடு கயிற்றால் கட்டியிருக்கிறது.

"ஏம்மா, என் லாட்ஜ் எங்க கிளம்பப்போகுதுன்னு இப்படிக் கட்டி வெச்சிருக்க?"

அப்போதுதான் கொட்டாவி தன் கைவேலையைத் தானே பார்த்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். காலை ஊன்றி இழுத்தாள். கட்டில் வந்தது, முடிச்சு வரவில்லை.

"மாமா, இது நான் போட்டதா?"

"நான் போடல. எனக்குப் பூசணிக்காய் பேரம் பேசவே நேரம் சரியா இருந்துச்சு."

சற்று நேரம் அந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ராத்திரிக்கு எனக்கும் சேர்த்து உலை வைங்க."

முடிச்சை அவளே அவிழ்த்தாள். சங்கு ஊதியது. பூசணியை அவள் சுமந்தாள், பையை நான் சுமந்தேன். தள்ளாடிக்கொண்டே ஓடி, ஏணியை எடுப்பதற்குள் ஏறிவிட்டோம்.

தாய்மார்களே, நாளை உங்கள் பிள்ளை "வராது, வராது" என்று அழலாம். அழட்டும். வாய் வராது என்று சொல்லும்போதே கைக்கு வந்திருக்கும். மனம் கரையைத் தேடும்போதே கால் கடலுக்குப் பழகியிருக்கும். அவர்களுக்கே தெரியாமல் வளர்வதுதானே வளர்ச்சி?

யார் அங்கே? "கொட்டாவி இப்போ எங்கே?" என்றா கேட்கிறீர்கள்? பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மேடை ஆடுகிறதா? அலை அடிக்கிறதா? பிறகு எதற்காக, நம் தலைவரின் தண்ணீர்க் குவளைக்கு அடியில் ஈரக் கைக்குட்டை?

சிரித்துவிட்டார். போதும், எனக்கு இது போதும். பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. நாளை ஏறப்போகும் பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருக்கிறேன். வணக்கம்.